மேட்டுக்கொல்லையில் ஓர் அம்புமுனை

கோமி தோகுஜிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் நிறைவேறாமல் இருந்தது. அந்த ஆசை அவருடைய மனைவி மிட்சுயேவுக்கு, அவள் கேட்காமலே, வருஷம் தவறாமல் நிறைவேறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஜப்பானின் யாட்சுகதாக்கே மலையின் மேற்குச் சரிவில், சுவா ஏரிக்கு மேலே அவர்கள் ஊர். அங்கே யார் கொல்லையில் மண்வெட்டி போட்டாலும் நாலாயிரம் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்தவர்கள் விட்டுப்போன ஏதாவது ஒன்று மேலே வரும். கறுத்த எரிமலைக் கண்ணாடியைச் செதுக்கிச் செய்த அம்புமுனை வரும், கல் கோடாரி வரும், கொட்டை உடைத்த குழிக்கல் வரும். ஊர்க்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. முள்ளங்கியோடு சேர்ந்து வந்தால் முள்ளங்கியோடு சேர்த்துக் கழுவி ஜன்னலில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் உஷியாமா, வழவழவென்று இழைத்த ஒரு கல் கோடாரியைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். உழவு இயந்திரம் வாங்கி முதல் சால் ஓட்டிய அன்றே அது கிடைத்ததாம். தோகுஜியைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

தோகுஜிக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. சின்ன வயதிலிருந்தே தேடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகும் வழியில் தேடினார், கொல்லையில் செலரிக் கீரைக்கு உரம் போடும்போது தேடினார், சவ ஊர்வலத்தில் நடக்கும்போதுகூடத் தேடினார். எப்போதும் தலை குனிந்தே நடப்பதால் வெளியூர்க்காரர்கள் அவரை ரொம்பப் பணிவான மனிதர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மிட்சுயே ஏரிக்கரை ஊர்ப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். பூதக்கண்ணாடி வழியாகப் பல்சக்கரங்களைப் பார்த்து, பல் உடைந்ததைப் பொறுக்கி எடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். அதுதான் வேலை, காலையிலிருந்து சாயங்காலம் வரை. அப்படியே கண் பழகிப்போயிற்று. ஒரு கூட்டத்தில் ஒத்துவராத ஒன்று இருந்தால் அது தானாக வந்து அவள் கண்ணில் விழும். அரிசியில் கிடக்கும் கல், சட்டையில் விட்டுப்போன தையல், மாமியார் சொல்லும் கதையில் நேற்றுச் சொன்னதற்குப் பொருந்தாத இடம், எதுவும் தப்பாது.

அவள் மருமகளாக வந்த முதல் வசந்தத்தில் கீழ்க்கொல்லையில் செலரி நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். மிட்சுயே எதையோ எடுத்துக் குப்பை வாளியில் போட்டாள்.

"யாரோ பாட்டிலை உடைச்சுப் போட்டிருக்காங்க. கண்ணாடிச் சில்லு. கையை வெட்டிடும்."

தோகுஜி வாளியில் கையை விட்டார். வெளியே வந்தது அழகான அம்புமுனை. இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி செதுக்கி, அடியில் மீன்வால் மாதிரி பிளந்து, வெயிலில் கறுப்புக்குள் புகைபோல ஏதோ ஓடியது.

"எங்க இருந்துச்சு இது?"

"அதோ, நீங்க நின்னீங்களே, அங்கதான்."

"நான் நின்ன இடத்திலயா?"

"உங்க பூட்ஸுக்குப் பக்கத்துல. இடது காலு."

புதுப் பெண்டாட்டியிடம் கோபப்படக் கூடாது என்று அவர் அன்று சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தது என்பது மிட்சுயேவுக்குத் தெரியாமல் போகுமா? பொருந்தாத இடம் அவள் கண்ணில் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. மகள் பிறந்தாள், வளர்ந்து நகோயாவுக்கு வேலைக்குப் போனாள். மகள் பிறந்த நாளிலிருந்து அந்த ஊர் வழக்கப்படி புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து, மகள் போன பிறகும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிட்சுயே அம்புமுனைகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். உப்பிட்ட ப்ளம் பழம் வைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்று குளியலறை ஜன்னலில் இருந்தது. கிடைப்பதையெல்லாம் அதற்குள் போடுவாள். அவளுக்கு அவற்றின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. தரையில் கிடந்தால் காலில் குத்துமே என்றுதான் எடுத்தாள்.

தோகுஜி, பழங்காலத்தது என்று தான் நம்பிப் பொறுக்கிய கற்களைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் அருங்காட்சியகத்துக்குப் போவார். முதலில் அங்கே மொரியா என்று ஒருவர் இருந்தார். கல்லை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், தேநீர் கொடுப்பார், மழை நிலவரம் விசாரிப்பார். கடைசியில், ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே வார்த்தை சொல்வார்: "இயற்கை." அதாவது, மனிதன் கை படாத வெறும் கல். மொரியா ஓய்வுபெற்றுப் போனார். அடுத்து வந்தவரும் இயற்கை என்றார். அவருக்கும் பின்னால் யசாக்கி என்ற இளம்பெண் வந்தாள். அவள் குனிந்து வணங்கிவிட்டு இயற்கை என்றாள்.

திரும்பி வந்த கற்களைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனம் வராது.

"தப்பாச் சொல்லியிருந்தாங்கன்னா?" என்பார்.

"மூணு பேருமா?"

"ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பாங்க."

இப்படியே வீட்டுக்குப் பின்னால் கற்கள் இடுப்புயரச் சுவராக வளர்ந்தன. உஷியாமாவுக்குக் கொண்டாட்டம். கோமி என்பது அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் குடும்பப் பெயர். ஆனால் அதே உச்சரிப்பில் குப்பை என்றும் ஓர் அர்த்தம் உண்டு. "கோமி வீட்டுல கோமி சேருது," என்று வெந்நீர்க் குளியல் கூடத்தில் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். குளித்துவிட்டு வரும் தோகுஜியின் முகம் வெந்நீரால் சிவந்ததா வேறெதனாலா என்பது மிட்சுயேவுக்குப் பார்த்த உடனே தெரியும்.

ஒரு தடவை மொரியா இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மிட்சுயே ஜெரேனியத் தொட்டிக்கு அடியில் வைத்திருந்த வட்டக் கல்லைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். பிரபுக்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்து மாவு திருகை, மேல் பாதி என்றார். வாய்க்கால் ஓரத்தில் கிடந்ததை அவள்தான் உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். தோகுஜி அந்த வாய்க்கால் ஓரமாகத்தான் தினமும் நடந்தார். அதை சிமென்ட் மூடி என்று நினைத்திருந்தார். அன்று அவர் ராத்திரிச் சோறு சாப்பிடவில்லை.

அறுபது தாண்டிய பிறகு தோகுஜிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆயிற்று. கால் சரியாகிவிட்டது, மனிதர்தான் சரியாகவில்லை. அடியில் சூடு வரும் கணப்பு மேசையின் மெத்தைக்குள் காலை விட்டுக்கொண்டு பனிக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். பனி உருகிய பிறகும் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நடக்கச் சொன்னார், மகள் போனில் நடக்கச் சொன்னாள், யார் சொல்லியும் காதில் ஏறவில்லை.

"எதுக்கு நடக்கணும்?" என்றார் மிட்சுயேவிடம். "நடந்து நடந்து என்னத்தைக் கண்டேன்?"

பொதுவாக அவள் இதற்கு ஒரு பதில் கொடுத்திருப்பாள். அன்று அடுப்பங்கரைக்குப் போய் ஊறுகாய்க் கீரையை நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே இருந்ததில் கீரை பல்லுக்கு அகப்படாத அளவுக்குத் தூளாகிப்போனது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

கீழ்க்கொல்லையில் செலரிக்கு வெள்ளை விரிப்பு போட்டாயிற்று, மண்ணே தெரியாது. மேட்டுக்கொல்லை அந்த வருஷம் சும்மா கிடந்தது. சமதரை, வெறும் மண், குட்டி லாரி அதுவரை போகும். மிட்சுயே ஜாடிக்குள் கையை விட்டு, ஓர் அம்புமுனையை எடுத்து ஏப்ரனுக்குள் போட்டுக்கொண்டாள். "நடக்க வேணாம். லாரியில வாங்க, வெயில்ல உக்காந்து டீ குடிச்சிட்டு வரலாம்," என்று புருஷனைக் கிளப்பினாள்.

முதல் தடவை அதைக் கொல்லைக்குள் போகும் ஒற்றையடிப்பாதையின் நடுவில் வைத்தாள். அவர் டாக்டரைத் திட்டிக்கொண்டே அதைத் தாண்டிப் போனார். கைக்குட்டை விழுந்துவிட்டது என்று சொல்லித் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் தடவை ஒரு மண்கட்டியின் உச்சியில் கோவில் கலசம் போல நிறுத்தி வைத்தாள். அவர் சரியாக அங்கேதான் வந்து நின்றார். நின்று, முகத்தைத் தூக்கி மலையைப் பார்த்தார்.

"ஏம்மா, உச்சியில இன்னும் எவ்வளவு பனி இருக்கு பாரு."

ஆஸ்பத்திரியில் நடை பழக்கிய பெண், தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்து நடக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஆயுள் முழுக்கக் குனிந்து நடந்த மனிதர், குனிய வேண்டிய நேரம் பார்த்து நிமிர்ந்துவிட்டார்.

மிட்சுயேவுக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த தடவை தேநீர் ஊற்றிக்கொடுத்துவிட்டு, அவர் காலுக்குப் பக்கத்திலேயே அதை நழுவவிட்டாள்.

"அப்பா, ஷூ நாடா அவிழ்ந்திருக்கு."

"இதுல நாடாவே கிடையாதே. ஒட்டற பட்டைதானே."

"அந்தப் பட்டைதான் கழண்டிருக்கு."

"நல்லாத்தான் ஒட்டியிருக்கு."

"உக்காந்த இடத்திலேர்ந்து தெரியாது. குனிஞ்சு பாருங்க."

முனகிக்கொண்டே குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதோ என்று அவள் பயந்தாள்.

"மிட்சுயே," என்றார். மகள் பிறந்த பிறகு அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இங்க வா. இதை நீ தொடாதே. பாரு மட்டும்."

அவள் பார்த்தாள். முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பது எப்படி என்று தெரியாமல், "அட," என்றாள். அது போதுமானதாக இருந்தது. தோகுஜி மடக்கு நாற்காலியிலிருந்து நழுவி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் தரையில உக்காரக் கூடாதுன்னாரே."

"டாக்டருக்கு இது கிடைச்சதில்ல."

எழுந்திருக்கத்தான் முடியவில்லை. அவள் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அவர் அம்புமுனை இருந்த கையை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், வெள்ளத்தில் குழந்தையைத் தூக்கிப் பிடிப்பது போல. இரண்டு பேரும் ஒரு தடவை சேர்ந்து விழுந்து, பிறகு எழுந்தார்கள்.

அப்படியே அருங்காட்சியகம். யசாக்கி வழக்கம்போலக் குனிந்து வணங்கி, கல்லை வாங்கினாள். இயற்கை என்று சொல்வதற்குத் தயாராக வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

"கோமி-சான், இது அம்புமுனை."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அம்புமுனைதான். நிஜமானது."

"இயற்கை இல்லையே?"

"இயற்கை இல்லவே இல்ல."

தோகுஜி தொப்பியைக் கழற்றினார். எதற்காகக் கழற்றினோம் என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். யசாக்கி சுவரில் இருந்த ஊர் வரைபடத்தில், மேட்டுக்கொல்லை இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் குண்டூசியைக் குத்தினாள். கீழே ஊரைச் சுற்றிலும் குண்டூசிகள் நெருக்கமாக இருந்தன. மேலே அந்த உயரத்தில் இது மட்டும் தனியாக நின்றது.

"இவ்வளவு மேல இதுவரைக்கும் ஒண்ணுமே கிடைச்சதில்ல," என்றாள் யசாக்கி. "இது நாங்க நினைச்சதையே மாத்திடும் போலிருக்கே."

மிட்சுயே தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த விளக்கத்தை மிகவும் அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் சிவப்புப் பயறு போட்ட சோறு, நல்ல நாளுக்குச் சமைப்பது. தோகுஜி இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். குளியல் கூடத்துக்குப் போனார், ஒரு வார்த்தை பேசாமல் உஷியாமாவுக்கு எதிரே தண்ணீரில் உட்கார்ந்திருந்தாராம், அவராகவே கேட்கும் வரை. மறுநாளிலிருந்து நடக்க ஆரம்பித்தார். மிட்சுயே சொன்னதைவிட அதிகமாகவே நடந்தார். யோசனை பலித்துவிட்டது என்று அவளும் நிம்மதியாகத்தான் இருந்தாள்.

நிம்மதி நீடிக்கவில்லை. ஒருநாள் காலையில் உஷியாமா வாசலில் வந்து நின்றார். அவர் முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிப்பால என் பையன் வீடு நின்னு போச்சு," என்றார்.

மேட்டுக்கொல்லைக்கு அடுத்த மனையில்தான் அவர் மகன் வீடு கட்டப்போகிறான். நகோயாவிலிருந்து பெண்டாட்டியோடு ஊருக்குத் திரும்பி வருகிறான். அஸ்திவாரம் தோண்ட ஆள் சொல்லியாயிற்று. இப்போது ஊர் அலுவலகத்தில், அந்த இடத்தில் பழைய குடியிருப்பு இருந்திருக்கலாம், தோண்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை மண்ணைத் தொடக் கூடாது என்கிறார்களாம். எப்போது தோண்டிப் பார்ப்பார்கள்? ஆள் இல்லை, இலையுதிர் காலம் ஆகலாம், அதற்குள் தரை உறைந்துவிட்டால் அடுத்த வசந்தம்.

"நான் கோபமாப் பேசல," என்றார் உஷியாமா. "தோகுஜி-சானுக்கு ஒரு தடவையாவது கிடைக்கணும்னு நானும்தான் நினைச்சேன். ஆனா அது என் மனை ஓரத்திலயா கிடைக்கணும்?"

கேலி செய்திருந்தால் மிட்சுயே தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அவர் போனதும் ஏப்ரனைக் கழற்றினாள், ஜன்னலிலிருந்து ஜாடியை எடுத்தாள், ஒரு பொட்டலம் ஊறுகாய்க் கீரையும் எடுத்துக்கொண்டாள், தனியாகவே லாரியை ஓட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனாள்.

யசாக்கி மட்டும் இருந்தாள். மிட்சுயே ஊறுகாயை முதலில் வைத்தாள், பிறகு ஜாடியை வைத்தாள், பிறகு நடந்ததைச் சொன்னாள். கைக்குட்டை, மண்கட்டி, ஷூ நாடா, எதையும் விடவில்லை. ஷூ நாடா வந்தபோது யசாக்கி மேசைக்கடியில் எதையோ தேடுகிறமாதிரி குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிக்கறீங்களா?"

"இல்ல. சிரிக்கக் கூடாதுன்னு பாக்கறேன்." நிமிர்ந்தபோது முகத்தைச் சரியாக்கிக்கொண்டிருந்தாள். "கோமி-சான், அம்புமுனை பொய் இல்ல. அது கிடைச்ச இடம்தான் பொய். ஆனா எங்களுக்கு இடம்தான் எல்லாமே. அந்த ஊசியை நான் எடுத்தாகணும்."

"எடுத்துடுங்க. இப்பவே எடுத்துடுங்க."

"ஏன் எடுத்தேன்னு உங்க வீட்டுக்காரர் கேப்பாரே. தினமும் வந்து அதைப் பாத்துட்டுப் போறாரு."

மிட்சுயேவுக்கு இது தெரியாது. நடக்கப் போகிறேன் என்று அவர் போனதெல்லாம் இங்கேதானா?

"நான் சொல்லமாட்டேன்," என்றாள் யசாக்கி. "நீங்கதான் சொல்லணும். சரி, அது நிஜமா எங்க கிடைச்சது?"

"கீழ்க்கொல்லையில. வால்நட் மரத்துப் பக்கம். இல்ல, அது வேற ஒண்ணு. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை வருமே, தூண் திருவிழா, அது நடந்த வருஷம்னு நினைக்கறேன். இல்லேன்னா அதுக்கு முந்தின திருவிழா."

யசாக்கி ஜாடியைத் திறந்து, பருத்தித் துணியில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அம்புமுனைகள், சின்னச் சுரண்டிகள், நூல் போல மெல்லிய ஒரு துளைப்பான். மேசை நிறைந்த பிறகு அடுத்த மேசைக்குப் போனாள்.

"இது ஒவ்வொண்ணும் எங்க கிடைச்சதுன்னாவது தெரியுமா?"

"தரையில," என்றாள் மிட்சுயே.

யசாக்கி கண்ணை மூடி மூச்சு விட்டாள். அழுதுவிடுவாளோ என்று மிட்சுயேவுக்குத் தோன்றியது. ஊறுகாய்ப் பொட்டலத்தை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். தோகுஜி குளிர்ந்த பக்வீட் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வாயில் நூடுல்ஸ் இருக்கும்போது சொன்னால் உடனே கத்த முடியாது என்று கணக்குப் போட்டு, மிட்சுயே அப்போதே சொல்லிவிட்டாள்.

அவர் மென்றார், விழுங்கினார், குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"ஜாடியில எவ்வளவு இருந்துச்சு?"

"நிறைய."

"அதுல நல்லது இருந்துச்சுல்ல? முழுசா, மூக்கு உடையாதது?"

"இருந்துச்சு."

"பின்னே எதுக்கு ஒரு பக்கம் வால் உடைஞ்சதை எடுத்துப் போட்டே?"

மிட்சுயே இதை எதிர்பார்க்கவில்லை. "கையில வந்ததை எடுத்தேன்."

"கையில வந்ததை எடுத்தாளாம்," என்றார் அவர் சுவரைப் பார்த்து. "வாழ்க்கையில ஒரு தடவை புருஷனுக்குப் போடறே. பொறுக்கிப் போட வேண்டாமா? கண்ணு அப்படி, இப்படின்னு பெருமை மட்டும் இருக்கு."

"உங்களுக்கு அதையே பாக்கத் தெரியலையே. நல்லதைப் போட்டு அது காணாமப் போயிருந்தா?"

அவர் எழுந்து போய்விட்டார். அன்று முழுவதும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. கல்சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார். மிட்சுயே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரா, வியர்வையைத் துடைக்கிறாரா என்று, அவ்வளவு கூர்மையான கண் இருந்தும், இந்தத் தடவை அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று உள்ளே வந்துவிட்டாள். வால்நட் உடைத்தாள், மிசோ என்னும் சோயா விழுதோடு அரைத்தாள், அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கொழுக்கட்டை செய்து தட்டில் மூடி வைத்தாள். சாயங்காலம் பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அதற்கும் அடுத்த நாள், "லாரியை எடு," என்றார். உஷியாமா வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். "நீ இறங்காதே," என்றார். ஆனால் கண்ணாடி இறங்கியிருந்தது, அவளுக்கு எல்லாம் கேட்டது.

தோகுஜி இடுப்பு வளைய வணங்கினார். "உஷியாமா-சான், இடத்தை நான் தப்பாச் சொல்லிட்டேன். அது மேட்டுக்கொல்லையில கிடைச்சது இல்ல. அருங்காட்சியகத்துல சொல்லி, படத்துல குத்தின ஊசியை எடுக்க வச்சிட்டேன். அலுவலகத்துக்கும் அவங்க சொல்லிடுவாங்க. பையன் வீடு கட்டலாம்."

"தப்பாச் சொன்னீங்களா? ஆயுசுல ஒரு தடவை கிடைச்சுது, அது எங்க கிடைச்சதுன்னு மறந்துட்டீங்களா?"

"சந்தோஷத்துல தடுமாறிட்டேன்."

உஷியாமா அவரையே பார்த்தார். பிறகு லாரியைப் பார்த்தார். மிட்சுயே சட்டென்று ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தாள். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். "உள்ள வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க. கோடாரியில இடிச்சுக்காதீங்க, கதவுக்குக் கீழ இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது மிட்சுயே, "பழியை உங்க மேல ஏன் போட்டுக்கிட்டீங்க?" என்று கேட்டாள்.

"பெண்டாட்டி போட்டதைப் பொறுக்கினவன்னு ஊர் சொல்றதுக்குப் பதிலா, இடத்தை மறந்த கிழவன்னு சொல்லட்டும். ரோட்டைப் பாத்து ஓட்டு."

அந்த இலையுதிர் காலத்தில் அருங்காட்சியகத்தில் 'உங்கள் கல்லைக் கொண்டுவாருங்கள்' நாள் வைத்தார்கள். மிட்சுயேவின் ஜாடியைக் காட்சிக்கு வைக்கிறோம் என்று யசாக்கி கூப்பிட்டிருந்ததால் இருவரும் போனார்கள். வாசல் வரை வரிசை. ஆளுக்கொரு பையும் பெட்டியுமாகக் கற்களோடு நின்றார்கள். யசாக்கி ஒவ்வொருவரிடமும் குனிந்து குனிந்து இயற்கை, இயற்கை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தோக்கியோவிலிருந்து கோடை வீட்டுக்கு வரும் ஒரு பெரியவர், பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த கல்லை நீட்டி, அவளோடு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். கைப்பிடி தெரியவில்லையா, கூர் தெரியவில்லையா என்று குரல் ஏறியது. அந்தப் பெண்ணின் காது சிவந்துவிட்டது.

தோகுஜி மெல்ல அருகே போனார். "கொஞ்சம் குடுங்க, பாக்கலாம்," என்று கல்லை வாங்கினார். அவருக்கே உரிய அக்கறையோடு, மூன்று அருங்காட்சியகக்காரர்களும் தன் கல்லைப் பார்த்ததைவிட நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல கல்லு," என்றார். "ஓடையிலயா எடுத்தீங்க?"

"ஆமாம். எப்படித் தெரியும்?"

"இதே மாதிரி எங்க வீட்டுல நாப்பது அம்பது இருக்கு. நானும் கோடாரின்னுதான் தூக்கிட்டு வந்தேன். இந்த இடத்துல கை வைக்கத் தோணும், இல்லையா? எனக்கும் தோணிச்சு. முதல் கல்லுக்கு நான் ரெண்டு நாள் தூங்கல."

பெரியவரின் முகம் இளகியது. "அப்ப இது..."

"தண்ணி செஞ்ச வேலை. ரொம்ப நாள் செஞ்சிருக்கு. வாங்க, அந்தப் பக்கம் உக்காரலாம், டீ இருக்கு."

அன்றைக்கே ஒரு மேசை அவருக்கு என்று ஆகிவிட்டது. நிஜமான கல் என்றால் யசாக்கியிடம், இல்லை என்றால் தோகுஜியிடம். யசாக்கியின் மேசைக்கு முன்னால் ஆளே இல்லை. தோகுஜியின் மேசையில் உட்கார இடமில்லை. ஏமாந்து வந்தவர்கள் அவரோடு உட்கார்ந்து, எங்கே எடுத்தோம், அப்போது என்ன நினைத்தோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மாதம் ஒரு நாள் அவர் அங்கே போக ஆரம்பித்தார். சிலர் அவர் வாயால் இயற்கை என்று கேட்பதற்காகவே பக்கத்து ஊர்களிலிருந்து கல் கொண்டுவந்தார்கள். உஷியாமாவும் ஒரு நாள் வந்தார், தன் மகன் வீட்டு அஸ்திவாரத்தில் தோண்டிய ஒரு கல்லோடு. தோகுஜி அதை மிக நெடுநேரம் பார்த்தார். தேநீர் கொடுத்தார், மழை நிலவரம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். வீட்டுக்கு வந்து அன்று இரவு முழுவதும் அதையே திரும்பத் திரும்ப மிட்சுயேவிடம் சொன்னார்.

அவருக்கு ஓர் அம்புமுனையாவது சொந்தமாகக் கிடைத்ததா என்றால், இல்லை. மிட்சுயேவுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அவள் எதையும் ஏப்ரனில் போட்டுக்கொள்வதில்லை. கண்ணில் பட்டதும் தொடாமல், "அப்பா, இங்க," என்பாள். அவர் மூங்கில் குச்சியோடு வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த இடத்தில் குச்சியை நட்டு, சிவப்பு நாடா கட்டுவார். அளந்து யசாக்கியிடம் சொல்வது அவர் பொறுப்பு. இதில் யாரும் அவரை அவசரப்படுத்த முடியாது.

போன வசந்தத்தில் மழை பெய்து மண் கழுவிப் போயிருந்தது. கீழ்க்கொல்லையில் ஒரே காலையில் அத்தனை குச்சிகள் நிற்பதைப் பார்த்து, உஷியாமா வேலிக்கு அப்பாலிருந்து, இந்த வருஷம் செலரியை விட்டுவிட்டு அவரைக்கொடி போடப் போகிறீர்களா என்று கேட்டார். தோகுஜி அடுத்த குச்சியை நட்டுக்கொண்டிருந்தார். மிட்சுயே அதற்குள் இரண்டடி தள்ளி நின்று, "அப்பா, இங்க," என்றாள்.